ஆறு கொப்பியும் ஒரு பூட்டும்

1

நோர்வேயில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பத்து வயது ஆகிறது. சிறப்பு மலர் போடுகிறார்கள். "இணையத்தில் நாம் ஏற்றிய கல்விச் சுடர்" என்ற தலைப்பில் நாலு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தலைப்பை அவர்களே வைத்துவிட்டார்கள். படத்தையும் தெரிவுசெய்துவிட்டார்கள்: தலைவர் கோட்டும் ரையுமாகக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திரையைச் சுட்டிக்காட்டுகிற படம். கணினி போடப்படவே இல்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நடுவில் வரவேண்டிய எழுத்தை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே இது மலருக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு அனுப்புகிறேன். எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டும். புளியங்கூடலுக்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்ட என்றால் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் இருப்பது மேற்கு நோர்வேயில், வருடத்தில் முக்கால்வாசி நாளும் மழை பெய்கிற ஒரு நகரத்தில். பொதுநூலகத்தில் வேலை. "தம்பி அங்க பெரிய நூலகர்" என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறா. நூலகர் என்பவர் மேல்மாடியில் கதவு போட்ட அறையில் இருக்கிறார். வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை வண்டிலில் ஏற்றித் தள்ளிக்கொண்டுபோய் இலக்கம் பார்த்து அடுக்குகிறவன் நான். அக்காவைத் திருத்த நான் முயலவில்லை. சீதனப் பேச்சுக்காலத்தில் அது ஒருமுறை உதவியும் இருக்கிறது.

1997இல் அந்த நூலகத்தில்தான் முதன்முதலாக இணையத்தைக் கண்டேன். எல்லாப் புலம்பெயர்ந்தவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஊரின் பெயரை அடித்துத் தேடினேன். ஒல்லாந்தர் கட்டிய கடற்கோட்டையின் படம் ஒன்று வந்தது. நாலைந்து வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. தீவுப்பகுதியில் ஊருக்கு ஒரு இணையத்தளம், சில ஊருக்கு இரண்டு. ஒன்று பழைய நிர்வாகத்துடையது, மற்றது அதில் தோற்றவர்களுடையது. மரண அறிவித்தல், தேர்த்திருவிழா, கடலில் சூரியன் மறைகிற படம் எல்லாம் நிறைந்து வழிந்தன. ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்கக்கூடிய பக்கம் மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அது அப்போது குறையாகவே தெரியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2

2003 ஆவணியில் ஊருக்குப் போனேன். போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை திறந்திருந்த காலம். எங்களைப் போன்றவர்கள் கழுத்தில் கமெராவும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாகத் தீவெல்லாம் திரிந்து, பிறந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தால் வயிற்றாலே போகும் என்று பிறந்த மண்ணின் சனத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தோம். நான் சாட்டிக் கடலில் ஒருநாள் குளித்தேன், நயினாதீவுக்கு ஒருநாள் போனேன். பிறகு, வந்ததற்கு ஒரு பாடசாலையையும் பார்த்துவிடலாம் என்று போன இடத்தில்தான் பிலோமினாவைக் கண்டேன்.

நாங்கள் இருவரும் உயர்தரத்தில் ஒரே வகுப்பு. பிலோமினா கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன், தமையன்மார் எல்லாரும் கடல். கணக்கில் அவர் முதலாம் ஆள். நான் அவருக்குப் பின் வாங்கில் இருந்து எட்டிப் பார்த்து எழுதியவன். அவர் கணக்கு ரீச்சர் ஆனார், நான் நோர்வேக்காரன் ஆனேன்.

இடம்பெயர்ந்து எங்கெங்கோ அலைந்த சனம் 1996க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீவுக்குத் திரும்பியபோது பாடசாலை திறந்தது, புத்தகம் வரவில்லை. பிலோமினா தானே எழுதத் தொடங்கினார். பத்தாம், பதினோராம் வகுப்புக் கணிதம் முழுவதும் ஆறு தடித்த மட்டைக் கொப்பியில். ஒரு வெட்டுக்குத்து இல்லாத எழுத்து.

திறந்து பார்த்த முதல் பக்கத்தில் ஒரு மீன்வலை. வலையின் ஒரு கண்ணைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் அது சாய்சதுரமாகிறது. நாலு பக்கமும் அதே நீளம்தான், பரப்பளவு மட்டும் குறைகிறது, ஏன்? எனக்கு நாலு ஆசிரியர்கள் நாலு விதமாகச் சொல்லி ஏறாத விசயம், அந்தப் படத்தில் ஒரே பார்வையில் ஏறியது. அடுத்த கொப்பியில், குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து நயினாதீவுக்குப் போகிற மோட்டர் போட். தூரம் இவ்வளவு, நீரோட்டத்தை எதிர்த்துப் போக இத்தனை நிமிடம், அதன் போக்கில் திரும்பி வர இத்தனை நிமிடம். நீரோட்டத்தின் வேகம் என்ன? முதல்நாள்தான் அந்தப் போட்டில் போய் வந்திருந்தேன். சத்தியும் தலைச்சுற்றும் வந்தது தவிர வேறொரு கேள்வியும் எனக்கு வரவில்லை.

"இதை இணையத்தில போடலாம், பிலோமினா," என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"போட்டால் ஆர் எடுக்கலாம்?"

"ஆரும் எடுக்கலாம்."

"அப்ப போடும். இஞ்ச இருக்கிற பிள்ளையளுக்கு நான் இருக்கிறன். நெடுந்தீவில கணக்குக்கு ஆள் இல்லை. கடல் கொந்தளிச்சால் போக வர ஏலாது. அங்க இருக்கிற பிள்ளைக்கும் இது போகோணும்."

பிரதி எடுப்பதென்றால் யாழ்ப்பாணம் போகவேண்டும், அன்றைக்கு அங்கே கரண்டும் இருக்கவேண்டும். நான் அடுத்தநாள் வெளிக்கிடுகிறேன். பிலோமினா ஆறு கொப்பியையும் ஒரு சீனிப் பையில் போட்டு என் கையில் தந்தார்.

"ரைப் பண்ணி முடிய அனுப்பிவிடும். என்னட்ட வேற இல்லை."

"அதென்ன, மூண்டு மாசத்தில அனுப்புறன்," என்றேன்.

3

நோர்வேயில் ஒரு நல்ல காரியம் செய்வதென்றால் முதலில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். சங்கத்தின் பெயரில் நகரசபையின் கலாசாரப் பிரிவுக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தோம். படிவத்தில் ஏழாவது கேள்வி: இந்த ஆக்கத்தின் உரிமையாளர் யார்? நான் யோசிக்காமல் சங்கத்தின் பெயரை எழுதினேன்.

அங்கே இருந்த அதிகாரி கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருக்கிற ஒரு பெண்மணி. அவர் கேட்டார்: "சங்கம் கணக்குப் புத்தகம் எழுதுமா?"

"இல்லை, ஒரு ஆசிரியை எழுதினது."

"அப்படியென்றால் அவருடைய கடிதம் எங்கே?"

எங்கள் ஊரில் ஒருவருக்கொருவர் கடிதம் கேட்பது அவமரியாதை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடிதம் இல்லாவிட்டால் உதவி இல்லை என்றார். பிலோமினாவுக்கு எழுதிக் கேட்டேன். ஆறு கிழமையில் கோடு போட்ட ஒற்றைரூள் தாளில் பதில் வந்தது. எனக்கு அது பாடமாகிவிட்டது, அப்படியே தருகிறேன்:

"தில்லைநாதனுக்கு, கேட்டபடி எழுதித் தருகிறேன். இந்த ஆறு கொப்பியிலும் உள்ளதை யாரும் எடுக்கலாம். பிரதி எடுக்கலாம். தங்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி கணக்கை மாற்றலாம். மாற்றினால் மாற்றியது என்று சொல்லவேண்டும். எடுத்தவர்கள் மற்றவர்கள் எடுப்பதைத் தடுக்கக்கூடாது. முன்பக்கத்தில் என் பெயரைப் போட்டால் போதும். பிழை கண்ட பிள்ளைக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவேண்டும். பிலோமினா."

மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதிகாரி இரண்டுதரம் வாசித்தார். சட்டத்தரணிகள் பல பேர் கூடியிருந்து எழுதுகிற கட்டற்ற உரிமத்தில் இருப்பது எல்லாம் இந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது என்றார். அதுவரை கட்டற்ற உரிமம் என்ற சொல்லையே நான் கேள்விப்பட்டதில்லை. "ஆகவே இது எல்லாருக்கும் திறந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டார். பலமாகத் தலையாட்டினேன். கடிதத்தைத் துளைத்து ஒரு கோப்பில் போட்டார்.

4

ஊர்ப் பாடசாலையில் ஒரு சுவர் மணிக்கூடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தகப்பனார் நினைவாக அன்பளித்தது. மணிக்கூட்டு முகத்தில் தகப்பனாரின் பெயர், பட்டம், பிறப்பு, இறப்பு, அன்பளித்த பிள்ளைகளின் பெயர் எல்லாம் எழுதியதில் நாலில் இருந்து எட்டு வரையான இலக்கங்கள் மறைந்துவிட்டன. பாடசாலை இரண்டு மணிக்கு முடிவதால் பெரிய குழப்பம் இல்லை என்று அதிபர் சொன்னார். பெயர் போடாமல் ஒன்றைக் கொடுப்பதும் கொடுக்காமலே விடுவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

ஆகவே, நான் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து கொப்பிகளைத் தட்டச்சுச் செய்து முடித்ததும் சங்கத்தில் எழுந்த முதல் கேள்வி, "பக்கத்துக்கு என்ன உபயம்?" என்பதுதான். நகரசபை தந்த உதவி போதாதா என்று யாரும் கேட்கவில்லை. இது காசுப் பிரச்சினை இல்லை, இடப் பிரச்சினை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "இப்பக்கம் உபயம்" என்று ஒரு பெட்டி கட்டப்பட்டது.

பைதகரஸ் தேற்றத்துக்கு மூன்று குடும்பம் போட்டி போட்டது. வட்டம் நல்ல சகுனம் என்று உடனே போனது. கழித்தலை ஒருவரும் தொடவில்லை. கடை வைத்திருக்கும் ஒருவர் இலாப நட்டக் கணக்கில் இலாபப் பக்கத்தை மட்டும் தரும்படி கேட்டார். நட்டம் அடுத்த பக்கத்தில்தான் வருகிறது என்று காட்டியபிறகே சம்மதித்தார். நிகழ்தகவு அத்தியாயத்தை, கலியாணம் சரிவராமல் இருந்த மகளின் பெயரில் ஒரு தாய் எடுத்தா.

பிறகு தலைவர் நயினாதீவுப் பக்கத்தைக் கண்டுவிட்டார்.

"உதென்ன நயினாதீவு? எங்கட சங்கத்தின்ர புத்தகத்தில அவையின்ர ஊரை ஏன் விளம்பரப்படுத்துவான்? எங்கட ஊரைப் போடும்."

"தலைவர் அண்ணை, எங்கட ஊருக்குப் போட் ஓடுறேல்லை."

"கணக்குத்தானே ஐசே. கணக்கில ஓடட்டும்."

ஓடவிட்டேன். குறிகட்டுவானில் இருந்து எங்கள் ஊருக்கு மோட்டர் போட் புறப்பட்டது. பஸ் போகிற தெருவில் அது எந்த நீரோட்டத்தை எதிர்த்துப் போனது என்று தலைவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாற்றினால் மாற்றியது என்று சொல்லவேண்டும் என்று பிலோமினா எழுதியிருந்ததும் அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இல்லை, வந்தது.

முன்பக்கத்தில் தலைவர் படம், ஆலோசகர்கள், போசகர்கள், வெளியீட்டுக் குழு, கணினி வடிவமைப்பு என்று என் பெயர். பிலோமினாவின் பெயரை நடுவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்தவர்கள், ஒருவரின் பெயரைப் பெரிதாகப் போட்டால் சேவை தனிநபருடையது என்று ஆகிவிடும், சங்கத்தினுடையது என்றுதான் தெரியவேண்டும் என்றார்கள். கடைசியில் "ஊர் ஆசிரியர்களின் ஒத்துழைப்புடன்" என்று ஒரு வரி நின்றது. நான் ஒருமுறை மறுத்துப் பேசினேன். இரண்டாம்முறை தேநீர் வந்துவிட்டது.

5

வெளியீட்டு விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கனடாவில் இருக்கிற பக்கத்து ஊர்ச் சங்கமும் ஒரு கல்வித் தளம் தொடங்குகிறது என்று செய்தி வந்தது. தலைவருக்கு நித்திரை போய்விட்டது.

"நாங்கள் பாடுபட்டுச் செய்ததை அவை அப்பிடியே இறக்கித் தங்கட பேரைப் போட்டால்?"

நாங்கள் செய்ததும் அதுதானே என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல், "பூட்டலாம்," என்றேன். அந்தச் சபையில் எனக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒரே விசயம் அதுதான். பார்க்கலாம், ஆனால் பிரதி எடுக்கவோ அச்செடுக்கவோ முடியாதபடி கோப்புக்கு ஒரு கடவுச்சொல் வைக்கலாம் என்று விளக்கினேன். பதினைந்து பேர் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நூலகத்தில் வண்டில் தள்ளுகிறவனுக்கு அப்படிப் பார்வை அடிக்கடி கிடைப்பதில்லை.

"இந்நூலின் எப்பகுதியையும் எவ்வடிவத்திலும் பிரதி எடுத்தல் சட்டப்படி குற்றமாகும்" என்ற வசனத்தையும் இரண்டாம் பக்கத்தில் போட்டேன். அந்த வசனத்தை என் அலுமாரியில் இருந்த ஒரு சமையல் புத்தகத்தில் இருந்து பிரதி எடுத்தேன்.

புத்தகம் இறுவட்டாக, அதாவது சீடியாக, வெளிவந்தது. இணையத்தளத்தில் அங்கத்தவர்கள் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிலோமினாவின் ஆறு கொப்பிகளையும் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமந்திப் பூ வைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். விழா முடிந்ததும் அவை சங்கத்தின் அறைக்குப் போயின. மூன்று மாதம் என்று சொன்னது அப்போது ஒன்றரை வருடமாகியிருந்தது.

6

2005 கடைசியில் ஊருக்குப் போன ஒருவரிடம் பிலோமினாவுக்கு ஒரு இறுவட்டு கொடுத்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து ரெலிபோன் வந்தது.

"தில்லைநாதன், சீடி கிடைச்சுது. நல்ல வடிவாய் இருக்கு. ஆனா பிறிண்ட் எடுக்க ஏலாதாம். யாழ்ப்பாணத்தில கடைக்காரப் பொடியன் பாஸ்வேர்ட் கேக்குது எண்டு சொல்றான்."

பெயரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. போட் எங்கள் ஊருக்கு ஓடியதைப் பற்றியும் கேட்கவில்லை.

"அது நிர்வாகத்தில தீர்மானம் எடுக்கோணும். கேட்டுச் சொல்றன்," என்றேன்.

"நிர்வாகத்திலயோ?"

"ஓம். நடைமுறை அப்பிடி."

"சரி, கேளும். கொப்பியளையும் ஆரும் வரேக்க குடுத்துவிடும். சாதாரணதரப் பிள்ளையளுக்கு அதில்லாமல் கஷ்டமாய்க் கிடக்கு."

முதல் கூட்டத்தில் நிகழ்ச்சிநிரலில் இல்லை என்றார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு ஆட்கள் போதவில்லை. மூன்றாவது கூட்டம் தேர்தல், கதிரை தூக்கும் வரைக்கும் போனது. கொப்பிகள் சங்கத்தின் சொத்தா இல்லையா என்று ஆராய ஒரு உபகுழு போட்டார்கள். அதற்குள் 2006 ஆவணி வந்து, சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். ரெலிபோன் இல்லை. கப்பலில் வருகிற அரிசிக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்றது. தீவுப் பக்கம் நடந்தவற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் உள்ளே இருந்தீர்கள். நாங்கள் இங்கே செய்தித்தளங்களை நிமிடத்துக்கு ஒருதரம் புதுப்பித்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசியில் ஒருநாள் காலை வேலைக்குப் போகுமுன் அடித்துப் பார்த்தேன், தொடர்பு கிடைத்தது.

"உயிரோட இருக்கிறம்," என்றார் பிலோமினா. "தாள் இல்லை. புத்தகம் ஒண்டும் வரேல்லை. பள்ளிக்கூடத்தில உங்கட ஆக்கள் தந்த கொம்பியூட்டர் ஒண்டு இருக்கு, பாரும். ஜெனறேற்றர் போடுற நேரம் சீடியைப் போட்டுவிடுவன். ஐஞ்சு ஐஞ்சு பேராய் முன்னால இருந்து பாத்துப் பாத்து எழுதுதுகள். பழைய கொப்பியில பென்சிலால எழுதினதை அழிச்சுப்போட்டு அதில எழுதுதுகள்."

கையில் இருந்த வேலைப் பையைக் கீழே வைத்தேன்.

"உபயத்தையும் சேர்த்தெல்லே எழுதுதுகள்," என்று சிரித்தார். "திரையில இருக்கிறதை எல்லாம் எழுதச் சொன்னனான். அதுகள் பாவம், அமரர் இன்னாற்ற ஞாபகார்த்தம் எண்டும் வடிவாய் எழுதி, கீழ கோடும் அடிச்சிருக்குதுகள்."

"பாஸ்வேர்ட்…" என்று தொடங்கினேன்.

"அதை விடும். நானும் அடிச்சுப் பாத்தனான். உங்கட ஊர்ப் பேர், கோயில் பேர், சங்கத்துப் பேர், தலைவற்ற பேர், உம்மட பேர், உம்மட மகளின்ர பேர். ஒண்டும் இல்லை. உங்கட நிர்வாகம் என்ன சொன்னது?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை," என்றேன்.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். பூட்டியவன் நான். முதல் ரெலிபோனிலேயே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், பாதை திறந்திருந்த அந்த ஏழெட்டு மாதத்தில் அவர் தேவையான அளவு அச்செடுத்து நெடுந்தீவுக்கும் அனுப்பியிருப்பார். அப்போது சொல்லாததற்குக் காரணம் நிர்வாகத்தின் கோபத்துக்குப் பயம். ஐப்பசியில் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை. சொன்னால், இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே சொல்லவில்லை என்பதும் வெளிவந்துவிடும். அந்தப் பிள்ளைகள் மார்கழியில் சோதனை எழுதும்வரை திரையைப் பார்த்துப் பார்த்தே எழுதினார்கள். நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள். பாடசாலை விட்டு வந்தால் இணையத்தில் இருக்கும் ஒரு கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் நோர்வேக் கடற்பறவைகளைப் பற்றி எழுதுகிறாள். காசில்லை, பரிசில்லை. முகம் தெரியாதவர்கள் அவள் எழுதியதைத் திருத்துகிறார்கள், அவள் அவர்களுக்கு நன்றி சொல்கிறாள். இதனால் என்ன லாபம் என்று ஒருநாள் கேட்டேன். "பிழை குறையுது," என்றாள். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவில் முடிந்துவிடும்.

மலருக்கு எழுத உட்கார்ந்த அன்று இறுவட்டைத் தேடி எடுத்தேன். அவளும் வந்து பார்த்தாள். எழுதியது யார், ஏன் பேர் இல்லை, ஏன் பூட்டு என்று கேட்டாள். பூட்டியது சங்கம் என்றேன். பாதி உண்மை. அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றாள். பிள்ளைக்குச் சமூக உணர்வு வந்துவிட்டது என்று மனைவி சந்தோஷப்பட்டா.

கூட்டத்தில், வேறு விசயங்கள் என்ற இடம் வந்ததும் ஆரணி எழும்பி நின்று தலைவரைப் பார்த்துக் கேட்டாள்:

"நீ ஏன் அந்த ரீச்சரின்ர புத்தகத்தைப் பூட்டி வைச்சிருக்கிறாய்?"

நோர்வே மொழியில் அரசனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே "நீ"தான் என்பதால் அவளுக்குத் தான் சொன்னதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வளர்ப்பு என்றார்கள், பண்பாடு என்றார்கள், தகப்பன் பக்கத்தில் இருந்துகொண்டே என்று என்னைப் பார்த்தார்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து, பிள்ளைகளுக்கு மரியாதைத் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். சங்கத்தின் வரலாற்றில் ஒரே கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். அவள் கேட்ட கேள்வி கூட்டக்குறிப்பில் இல்லை.

அந்த முக்கால் மணித்தியாலத்தில் ஆரணி பக்கத்தில் இருந்த சங்க அறைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு இருக்கவில்லை, சும்மா சாத்திக் கிடந்ததாம். ஆறு கொப்பியையும் பாடசாலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குக் காட்டினாள்.

8

ஆசிரியையின் சம்மதம் இல்லாமல் ஒன்றையும் இணையத்தில் ஏற்றமாட்டேன் என்றாள் ஆரணி. கடிதம் இருந்தது என்றேன். சங்கத்தின் கோப்பில் தேடினால் பழைய சாப்பாட்டுப் பட்டியல்கள்தான் கிடைக்கும். ஆரணி நகரசபைக்கு எழுதினாள். இரண்டே நாளில், அந்த மூக்குக்கண்ணாடிப் பெண்மணியின் ஒப்பத்துடன் பிலோமினாவின் கடிதத்தின் பிரதி வந்தது. நாலரை வருடம் ஒரு கோப்பில் துளைபட்டுக் கிடந்திருக்கிறது. இந்த நாட்டின் படிவங்களைப் பற்றி நான் இதுவரை சொன்ன பகிடிகளில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தாள். தட்டச்சுச் செய்த பிரதியும் வேண்டும், அதுதான் அச்செடுக்க நல்லது, உபயங்களை நீக்கி, மோட்டர் போட்டை நயினாதீவுக்கே திருப்பி விடலாம் என்றாள். என் பழைய கணினி செத்துவிட்டதால் பூட்டிய கோப்பு மட்டும்தான் மிச்சம்.

"பூட்டை உடைக்கலாம். பத்து நிமிசம்," என்றாள்.

"உடைக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

என்னைப் பார்த்தாள். நான் விசைப்பலகையை இழுத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது அந்த ரீச்சரின்ர பேர்."

ஆம். முன்பக்கத்தில் இருந்து அந்தப் பெயரை நீக்கிய அன்று எனக்கு ஒருமாதிரி இருந்தது. புத்தகத்தில் ஒரு மூலையிலாவது இருக்கட்டும் என்று அதையே கடவுச்சொல்லாக வைத்தேன். பெரிய நியாயம் செய்துவிட்டவன்போல அன்று நிம்மதியாக நித்திரையும் கொண்டேன்.

"அவவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"நீதான் சொல்லவேணும்," என்றாள். அந்த "நீ"யை நான் திருத்தவில்லை.

கோப்பைத் திறந்து திருத்தினோம். முன்பக்கத்தில் பிலோமினாவின் பெயர், அடுத்த பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே அந்தக் கடிதம், வேறொன்றும் இல்லை. யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய இடத்தில் ஆரணி அதை ஏற்றினாள். கொப்பிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு, போன கிழமை, பிலோமினாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அங்கே பாடசாலை இடைவேளை.

"கொப்பியள் வந்திட்டுது. சாமந்திப் பூவும் ஒண்டு காய்ஞ்சு கிடந்தது," என்றார். "மகள் ஏத்தினதை யாழ்ப்பாணத்தில பிறிண்ட் எடுத்து நெடுந்தீவுக்குப் போட்டில குடுத்துவிட்டனான். அங்க ஒரு பிள்ளை நாலாம் கொப்பியில ஒரு விடை பிழை எண்டு எழுதி அனுப்பியிருக்கு. பாத்தால் உண்மைதான். பத்து வருசமாய் நான் காணேல்லை."

அவருடைய குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பிலோமினா, ஒரு விசயம் சொல்லோணும். பூட்டினது நான்தான். பாஸ்வேர்ட் எனக்கு எப்பவும் தெரியும்."

"அது தெரியும்."

"தெரியுமோ?"

"அங்க கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் நீர் ஒருத்தர்தானே. நீராய்ச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். என்ன பாஸ்வேர்ட்?"

"உம்மட பேர்."

பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

"என்ர பேரை மட்டும் அடிச்சுப் பாக்கேல்லை," என்றார். "உங்கட புத்தகத்தில என்ர பேர் எங்கயும் இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நான் பேரைப் போடச் சொன்னது முன்பக்கத்தில, தில்லைநாதன். பூட்டில போடச் சொல்லேல்லை."

வகுப்புக்கு மணி அடித்தது. வைத்துவிட்டார்.